நிஸ்ஸானுக்கு என்னதான் ஆச்சு?

மைக்ரா_காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2013 நிஸ்ஸான் மைக்ரா டீசல், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்த வண்டி. ஊருக்குப் போய்வர இன்னும் அதைத்தான் நம்பியிருக்கிறேன். அடுத்து நிஸ்ஸானின் மேக்னைட் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு. ஆனால் செய்தியைத் திறந்தால் 20,000 பேருக்கு வேலை போகிறது, 17 ஆலைகள் 10 ஆகப் போகின்றன, 2024-25இல் மட்டும் 67,000 கோடி யென் நட்டம் என்கிறார்கள். ஹோண்டாவோடு சேரும் பேச்சும் 2025 பிப்ரவரியில் முறிந்துவிட்டது. நிஸ்ஸான் தலைவராக இருந்த கார்லோஸ் கோன் கைதானதால் வந்த வினையா இது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரஸ்ஷாப்_ஒரகடம்:
தம்பி, கைது நடந்தது 2018 நவம்பர்ல. நோய் அதுக்கு முன்னாடியே உள்ளே வந்தாச்சு.

நான் பதினாறு வருஷமா பிரஸ் ஷாப்ல, அதாவது இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகம் அடிக்கிற இடத்துல இருக்கேன். நாங்க பாகம் அடிச்சுக் கொடுத்தது நிஸ்ஸானுக்கு இல்ல, வேற ஒரு கார் கம்பெனிக்கு. ஒரு மாடலுக்கு மாசம் 6,000 செட் போகும்னு கணக்குப் போட்டு டை (பாகம் அடிக்கிற அச்சு) செஞ்சோம், கடன் வாங்கி புது பிரஸ் இறக்கினோம். மாசக் கடைசில ஷெட்யூல் மெயில்ல வரும். 6,000 இருந்தது 4,200 ஆச்சு, அப்புறம் 1,900. பிரஸ்ஸுக்குக் கட்டுற தவணை ஒரு ரூபா குறையல. அடிச்சு வச்ச பேனல் துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, டிராலியை சுவரோரமா நிறுத்தினோம். பி ஷிஃப்ட்டை நிறுத்தின அன்னைக்கு காண்ட்ராக்ட் பசங்க சேஃப்டி ஷூவைக் கழட்டி ஸ்டோர்ல கொடுத்துட்டு வெறும் செருப்போட பஸ் ஏறினாங்க. அதுல எட்டு பேர் நான் வேலை கத்துக்கொடுத்தவங்க.

நிஸ்ஸான் கதையும் இதேதான், அளவுதான் பெருசு. 2011ல 'பவர் 88'னு ஒரு திட்டம் போட்டாங்க: உலகச் சந்தையில 8 சதவீதப் பங்கு, 8 சதவீத லாபம். அதுக்காக ஆலையைப் பெருக்கினாங்க. பெருக்கின லைனை சும்மா போட முடியாதே! அமெரிக்காவுல தள்ளுபடியைக் கொட்டி வித்தாங்க, வாடகை வண்டிக் கம்பெனிங்களுக்கு மொத்தமா தள்ளினாங்க. அந்த வண்டிங்க பழைய கார் சந்தைக்கு வந்ததும் ரீசேல் விழுந்துச்சு. ரீசேல் விழுந்தா அடுத்த ஆள் இன்னும் தள்ளுபடி கேட்பான். 2017-18ல 57 லட்சம் கார் வித்தவங்க 2024-25ல வித்தது 33 லட்சம்தான்.

எனக்கு ரொம்ப வருத்தம் எதுல தெரியுமா? 2010லயே லீஃப்னு மின்சாரக் காரைச் சாதாரண ஜனங்க வாங்குற அளவுக்குக் கொண்டுவந்தது இவங்க. 2016ல ஜப்பான்ல இ-பவர்னு ஹைபிரிட், பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி விட்டாங்க. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகல. அங்கே ஜனங்க ஹைபிரிட் கேட்டப்ப டொயோட்டா, ஹோண்டாகிட்ட இருந்துச்சு, நிஸ்ஸான் ஷோரூம்ல இல்ல. சீனாவுல உள்ளூர் மின்சாரக் கார்கள் இவங்க இடத்தைப் பிடிச்சுடுச்சு.

கோன் 1999ல வந்தப்ப கம்பெனிக்கு 2 லட்சம் கோடி யென் கடன். காப்பாத்தினவர் அவர்தான், அதை மறுக்கக் கூடாது. பின்னாடி எண்ணிக்கையைத் துரத்தினதும் அவர் காலத்துலதான்.

யோகோசுகா_வாசி:
ஐயா சொன்னதை இங்கே ஜப்பானில் கண்ணால் பார்க்கிறேன். நிஸ்ஸானின் ஒப்பாமா ஆலை எங்கள் யோகோசுகாவில்தான், 1961இல் தொடங்கியது. லீஃப் முதலில் உருண்டு வந்ததும் இங்கிருந்துதான். 2028 மார்ச்சுக்குள் இங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டு உற்பத்தியை தெற்கே கியூஷூ தீவில் உள்ள ஆலைக்கு மாற்றுவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். ஆலையில் மட்டும் சுமார் 2,400 பேர். நான் மதியம் சாப்பிடும் சின்னக் கடையை நடத்தும் அம்மா, மாமியார் காலத்திலிருந்து ஆலைக்காரர்களுக்குச் சமைப்பவர். அந்த அறிவிப்பு வந்த வாரம் அவர் ஒரு மேசையைத் துடைத்துக்கொண்டே, "இவங்க பிள்ளைங்களை எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. யோகோஹாமாவில் உள்ள தலைமையகக் கட்டடத்தையே 9,700 கோடி யென்னுக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள்.

மைக்ரா_காரன்:
படிக்கவே மனசு கனக்கிறது. அப்படியானால் ஒரகடம் ஆலை? மேக்னைட் வாங்கலாமா, வேண்டாமா?

பிரஸ்ஷாப்_ஒரகடம்:
ஆலை மூடல தம்பி. அதுல நிஸ்ஸான் கையில இருந்த பங்கை 2025ல பிரெஞ்சு கார் கம்பெனி ரெனோ வாங்கிடுச்சு. மேக்னைட்டை அங்கேயே செஞ்சு கொடுக்கிறாங்க, ஏற்றுமதியும் போகுது. வண்டியைப் பத்தி எனக்குப் பயமில்ல. நீங்க பார்க்க வேண்டியது சர்வீஸ். உங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற சென்டருக்கு சனிக்கிழமை காலையில போங்க. ஷோரூம் பக்கம் போகாதீங்க, நேரா ஸ்பேர்ஸ் கவுன்டருக்குப் போங்க. முன் பம்பர், ஹெட்லைட், ஒரு கதவு பேனல், மூணும் இன்னைக்கு ஆர்டர் போட்டா என்னைக்கு வரும்னு கேளுங்க. வாரத்துக்குள்ளன்னு சொன்னா வாங்குங்க. இழுத்தா வேண்டாம். மைக்ராவை உடனே வித்துடாதீங்க, அந்த டீசல் இன்ஜின் இன்னும் ஓடும்.

மைக்ரா_காரன்:
சரிங்க அண்ணா. இந்தச் சனிக்கிழமையே போகிறேன். அந்த எட்டுப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

பிரஸ்ஷாப்_ஒரகடம்:
மூணு பேர் ஸ்ரீபெரும்புதூர்ல போன் அசெம்பிளி லைன்ல. ரெண்டு பேர் ஊருக்குப் போய்ட்டாங்க. மத்தவங்க நம்பர் மாறிடுச்சு.