மயக்கத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவங்க இருக்கீங்களா?

வணக்கம். என் மகளுக்கு வயசு 19. இந்த வருசம் நாலு தடவை மயங்கி விழுந்துட்டா. கடைசியா போன வாரம், காலை நெரிசல்ல, எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே. முதல்ல காது அடைக்குமாம், கண்ணு மங்குமாம், அப்புறம் ஒண்ணுமே தெரியாதாம். நல்லவேளை, பக்கத்துல நின்ன ஒரு சீன ஆன்ட்டி தாங்கிப் பிடிச்சாங்க.

ஈசிஜி, இதய ஸ்கேன் ரெண்டும் சரி. படுக்கையோட நிமிர்த்தி நிக்க வச்சுப் பார்க்கிற சோதனையிலதான் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் திடீர்னு இறங்கிடுச்சு. இதயத் துடிப்பைக் குறைக்கிற வேகஸ் நரம்போட வேலைன்னு சொல்லி, மெட்டோபுரோலால்ங்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க.

துடிப்பு இறங்கி விழுறவளுக்கு, துடிப்பைக் குறைக்கிற மாத்திரையா? 2006ல வெளியான ஒரு ஆய்வுல, 208 பேர்கிட்ட பார்த்ததுல, இதே மருந்துக்கும் வெத்து மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியலையாம். போதாததுக்கு, சின்ன வயசுல இவளுக்கு ஆஸ்துமா வேற; இந்த வகை மாத்திரை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடலாமாம். அதை டாக்டர்கிட்ட சொல்ல மறந்தது என் தப்பு. நாளைக்கே போன் பண்ணிக் கேட்கணும். அதுவரைக்கும் மாத்திரையைப் பிரிக்கல.

இதைச் சாப்பிட்டவங்க சொல்லுங்களேன். மயக்கம் நின்னுச்சா, இல்ல சோர்வுதான் மிச்சமா? நிறையத் தண்ணி, உப்பு, தலை சுத்தும்போது காலைப் பின்னி இறுக்கிக்கிறது, இதெல்லாம் யாருக்காவது கைகொடுத்துச்சா?