பிடிச்ச பாம்பை எங்க கொண்டுபோய் விடுறது?

புதுமனை
கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாறு தாண்டிப் புதுசா போட்ட நகர் ஒண்ணுல குடியிருக்கேன். போன வாரம் பக்கத்து வீட்டு அடுப்படியில, சிலிண்டருக்குப் பின்னாடி நல்ல பாம்பு. தன்னார்வலர் ஒருத்தர் வந்து பதறாம பிடிச்சு, பையில போட்டுக் கொண்டுபோனார். எங்க விட்டீங்கன்னு மறுநாள் போன்ல கேட்டா, "ஆத்துப் படுகையிலதான் சார்"ங்கிறார். அந்தப் படுகை எங்க கடைசித் தெருவுக்குக் கூப்பிடு தூரம். சாயங்காலம் ஆனா எங்க பிள்ளைங்க எல்லாம் காலி மனையிலதான் விளையாடுது.

அதனால நகர் சங்கத்துல ஒரு யோசனை வைக்கப் போறேன். வீட்டுக்கு மாசம் 200 ரூபாய் போட்டு, பாம்பு பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை நிரந்தரமா அமர்த்தணும். வீட்டுக்குள்ள வர்றதை மட்டுமில்ல, காலி மனை, வேலி, வாய்க்கால் ஓரம் எல்லா இடத்துலயும் தேடிப் பிடிக்கணும். பிடிச்சதைக் கொள்ளிடம் தாண்டிக் காட்டுல விட்டுடணும். கொல்லச் சொல்லல, அதுவும் உயிர்தான். எங்க பிள்ளைங்க பக்கத்துல வேண்டாம்னுதான் சொல்றேன். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க சொல்லுங்க.

திண்ணை
தம்பி, எதுக்கு இவ்வளவு சுத்தணும்? எங்க அப்பா காலத்துல வீட்டுக்குள்ள வந்த நல்ல பாம்பை அடிப்பாங்க, வாயில காசு வச்சு, பாலூத்தி எரிப்பாங்க. உள்ள வந்ததுக்கு அதுதான் முறை. வெளியில கிடக்கிறதைத் தேடிப் போனவங்களும் கிடையாது, காசு வசூல் பண்ணினவங்களும் கிடையாது.

கொக்கி
வனத்துறை அனுமதியோட பாம்பு மீட்கிறவன் நான். உங்க தெருவுக்கு வந்தவர் வேற ஒருத்தர். ஆனா நான் வந்திருந்தாலும் அந்தப் படுகையிலதான் விட்டிருப்பேன்.

திண்ணை ஐயா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உயிருக்கு ஆபத்தான நேரத்துல தற்காப்புக்குக் கொன்னா குற்றமாகாது, 11-ம் பிரிவு அதைச் சொல்லுது. சிலிண்டருக்குப் பின்னாடி சுருண்டு கிடக்கிறதைக் கம்பெடுத்து அடிக்கிறது தற்காப்புல வராது. அடிக்கப் போய்க் கடி வாங்கினவங்களும் நிறைய. நாலடி தள்ளி நின்னு பார்த்துக்கிட்டு, ஆள் வர்ற வரைக்கும் கதவைச் சாத்தி வச்சாலே போதும்.

புதுமனை சார், உங்க யோசனையில மூணு சிக்கல் தெரியுது. அதே சட்டத்துல 'வேட்டை'ங்கிறதுல பிடிக்கிறதும் சேர்த்தி. புதர்ல தன் பாட்டுக்குக் கிடக்கிறதைச் சம்பள ஆள் வச்சுத் தேடிப் பிடிச்சா, அவரும் மாட்டுவார், சங்கமும் மாட்டும். ரெண்டாவது, கொள்ளிடம் தாண்டி எந்தக் காடு சார்? அந்தப் பக்கம் கரும்புக்கொல்லை, முந்திரிக்கொல்லை, ஊரு. நம்ம பக்கம் திரும்பினா கோடியக்கரைச் சரணாலயமும் முத்துப்பேட்டை அலையாத்தியும் கடலோரம் இருக்கு, மத்ததெல்லாம் வயல். டெல்டாவுல "காட்டுல விட்டாச்சு"ன்னு யாராவது சொன்னா, எந்த ஊரு எல்லைன்னு கேளுங்க.

மூணாவதுதான் பெருசு. பாம்புக்குத் தன் எல்லை தெரியும். எந்தப் பொந்துல வெயிலுக்கு ஒதுங்கலாம், எந்த வரப்புல எலி, எந்த மதகுல தண்ணிங்கிறதெல்லாம் அதுக்குப் பழக்கம். தூரமா கொண்டுபோய் விட்டா ஒண்ணும் புரியாம பகல்லயே அலையும், ரோட்டைக் கடக்கும், கண்ட வீட்டுக்குள்ள நுழையும். அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பார்த்து 1999-ல வெளியிட்டாங்க. இடம் மாத்தினதுல பாதிக்கு மேல செத்துப்போச்சு, அதே காட்டுல பிறந்து வளர்ந்ததுல ஒன்பதுல ஒண்ணுதான். இங்க கர்நாடகாவுல ஆகும்பேயில ராஜநாகத்துக்கு வச்சுப் பார்த்தப்பவும், தூரக் கொண்டுபோய் விட்டது ஓரிடத்துல தங்காம நெடுந்தூரம் போய்க்கிட்டே இருந்துச்சு. ஒரு கிலோமீட்டருக்குள்ள, அன்னைக்கே, தண்ணியும் புதரும் இருக்கிற இடமா பார்த்து விடுறது அதனாலதான்.

அணைக்கரை
கொள்ளிடத்துக்கு வடகரைக்காரன் நான். எங்க முந்திரிக்கொல்லையில பொம்பளைங்க குனிஞ்சு சருகுக்குள்ள கையை விட்டுத்தான் கொட்டை பொறுக்குது. உங்க ஊருப் பாம்பு எங்களுக்கு வேண்டாம். ராத்திரி பைக்ல வந்து மூட்டையை அவுத்துட்டுப் போறவங்களை நாங்க பார்த்திருக்கோம்.

புதுமனை
கொக்கி சார், கிலுகிலுப்பைப் பாம்பும் நல்ல பாம்பும் ஒண்ணில்ல. அந்தக் கணக்கையே ஒத்துக்கிட்டாலும், பாம்பு பிழைக்குமாங்கிறதையும் என் பொண்ணு பிழைப்பாளாங்கிறதையும் ஒரே தராசுல வைக்க என்னால முடியாது. ஒரு கிலோமீட்டர்னு சொல்றீங்களே, எங்க வீட்டைச் சுத்தி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டா நாலு நகர், ரெண்டு பள்ளிக்கூடம். எங்க விட்டாலும் அது யாரோ ஒருத்தர் வாசல்.

இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்கப் பாம்பு பிடிக்குதே, எங்களதை அவங்ககிட்ட ஒப்படைச்சா என்ன?

மாடிவீடு
பூண்டுத் தண்ணி, ப்ளீச்சிங் பவுடர், பினாயில் எல்லாம் தெளிச்சா வராதுன்னு சொல்றாங்களே? எங்க வீட்டுல மாசாமாசம் தெளிக்கிறோம்.

கொக்கி
மாடிவீடு அம்மா, தெளிச்ச கோட்டு மேலயே ஊர்ந்து போனதைப் பார்த்திருக்கேன். அந்தக் காசுக்குக் கழிவுநீர்க் குழாய் வாய்க்கு வலை வாங்கி மாட்டுங்க, கதவடியில ரப்பர் பட்டை ஒட்டுங்க.

இருளர் சங்கத்தைக் கேட்டீங்க. 1978-ல தொடங்கினது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில இருக்கு. எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு வனத்துறை கணக்கு கொடுக்கும். நாலு தடவை விஷம் எடுத்துட்டு, மாசத்துக்குள்ள திரும்பக் கொண்டுபோய் விடுறாங்க. அடையாளத்துக்கு வயித்துச் செதில்ல சின்ன வெட்டு. வேண்டாத பாம்பைக் கொட்டுற இடம் அது இல்ல. அந்தச் சங்கத்து மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பிடிக்கத் தெரிஞ்ச அவங்களே திரும்ப விடுறாங்கன்னா யோசிக்கணும்.

பிள்ளை விஷயத்துல உங்க பயம் நியாயம், அதுல எனக்கு வாதமே கிடையாது. ஆனா ஒரு பாம்பை எடுத்துட்டா அந்த இடம் காலியா கிடக்காது, எலி அப்படியே இருக்கிறதால இன்னொண்ணு வரும். சாரையையும் சேர்த்துத் தேடிப் பிடிச்சீங்கன்னா எலி இன்னும் பெருகும். உங்க சம்பள ஆள் மாசம் முழுக்கப் பிடிச்சுக்கிட்டே இருப்பார், வர்றதும் வந்துக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு. கட்டுவிரியன்னு எனக்கு வர்ற போன்ல நிறைய, போய்ப் பார்த்தா வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது, சுவர் ஏறிப் பல்லி தின்னும். அதுக்குப் பட்டை கழுத்துகிட்டயே பளிச்சுன்னு ஆரம்பிச்சு வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கல், வால்பக்கம் தெளிவு. அதுக்காகப் பக்கத்துல போய்ப் பார்க்காதீங்க, தூரத்துல இருந்து போட்டோ எடுத்து அனுப்புங்க.

வரப்போரம்
இவ்வளவு நேரம் படிச்சேன். ஒருத்தர் பாம்பைப் பத்திப் பேசுறீங்க, ஒருத்தர் பிள்ளையைப் பத்திப் பேசுறீங்க. எங்க வயலைப் பத்தி யாரும் பேசல.

புதுமனை தம்பி சொல்ற மாதிரி நகர்களெல்லாம் எங்க பக்கம் நடவு வயலா இருந்த இடம்தான். லாரி லாரியா சவுடு மண் அடிச்சு, சுத்து வயலைவிட இடுப்பளவு உசத்திட்டாங்க. பழைய வாய்க்காலையும் சேர்த்து மூடியாச்சு. ஐப்பசியில அடைமழை பிடிச்சா என்னாகும்? சம்பா வயல் முழுக்கத் தண்ணி நிக்கும், வரப்புப் பொந்துல தண்ணி ஏறும். எலி எங்க போகும்? மேட்டுக்குத்தான். பாம்பும் அதுக்குப் பின்னாடியே வரும். கிட்ட இருக்கிற ஒரே மேடு உங்க நகர். அறுவடைக்கு அப்புறமும் இதே கதைதான், வயல்ல மணி இல்லன்னா எலி உங்க அரிசி மூட்டைக்கு வரும். முன்னாடி கிட்டி வச்சு எலி பிடிக்கிறவங்க ஊருக்கு நாலு பேர் இருந்தாங்க. இப்ப கூப்பிட்டா ஆள் கிடையாது, எல்லாரும் விஷக் கேக் வாங்கி வைக்கிறோம்.

கொக்கி தம்பிக்கு ஒரு கேள்வி. படுகையில விடுறேங்கிறீங்க. அந்தப் படுகையில வாழைக்கொல்லை இருக்கு. காலையில அஞ்சரை மணிக்கு வெறுங்காலோட சருகு கழிக்க ஆள் இறங்குது. நகர்ல இருக்கிறவங்களுக்கு டைல்ஸ் தரை, கொசுவலைக் கதவு, தெருவிளக்கு. எங்க ஆளுங்களுக்கு மண் தரை, பாய். உங்க வீட்டு ஆபத்தை எடுத்து அவங்க காலடியில வைக்கிறதுக்குத்தான் மீட்புன்னு பேரா? சாரையைக் கொண்டாங்க, நானே வரப்புல விட்டுக்கிறேன். கண்ணாடி விரியனை விடாதீங்க.

இரவுப்பணி
டெல்டாவுல ஒரு மருத்துவமனையில அவசரப் பிரிவுல செவிலியரா இருக்கேன். வரப்போரம் அண்ணன் சொல்றதை வார்டுல நேர்ல பார்க்கிறேன். கடிபட்டு வர்றவங்கள்ல பெரும்பாலும் வயல் வேலைக்காரங்க, கடி கணுக்காலுக்குக் கீழ. 2000-லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் இறந்திருக்காங்கன்னு ஆய்வு சொல்லுது. அதுலயும் பெரும்பங்கு கிராமத்து ஜனங்க.

கட்டுவிரியன் கடிச்சவங்களைப் பார்த்தா மனசு தாங்காது. ராத்திரி தரையில படுத்திருப்பாங்க, கடிச்சதே தெரிஞ்சிருக்காது. வீக்கம் இருக்காது, சில சமயம் பல் தடமே இருக்காது. விடியக்காலம் வயித்துவலின்னு வருவாங்க, இமை தானா மூடும், பேச்சு குழறும். சோடா குடிச்சுப் பார்த்துட்டு, வேர் கட்டிப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள மூச்சு நின்னு போகுது. தரையில படுத்து எழுந்தவங்களுக்கு இப்படி இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இறுக்கிக் கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வச்சுக் கொண்டாங்க. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலுக்கும் ஒரே எதிர்விஷ மருந்துதான் போடுறோம். தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லயிருந்து பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கணும், எந்த மருத்துவமனையா இருந்தாலும்.

புதுமனை சார், அந்த 200 ரூபாயை வசூல் பண்ணுங்க. பாம்பு பிடிக்க வேண்டாம். உங்க நகரைச் சுத்தி வயல்ல இறங்குறவங்களுக்கு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், ஒரு டார்ச், கொசுவலை, முடிஞ்சா கயித்துக் கட்டில் வாங்கிக் கொடுங்க. வலையை நல்லா பாய்க்கடியில சொருகிப் படுத்தாலே கட்டுவிரியன் கடி குறையும்.

புதுமனை
அம்மா, நீங்க சொன்னதை வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். வலை, விளக்கு, சந்து அடைக்கிறது, காலி மனைக்காரங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிப் புதர் வெட்ட வைக்கிறது எல்லாம் தீர்மானத்துல சேர்க்கிறேன். பூட்ஸும் சேர்க்கிறேன். புதர்ல தேடிப் பிடிக்கிறதை எடுத்துடறேன்.

ஆனா விஷப்பாம்பைப் படுகையில விடுறதை ஏத்துக்க மாட்டேன். வரப்போரம் அண்ணனும் வேண்டாங்கிறார், நானும் வேண்டாங்கிறேன், கொள்ளிடம் அந்தப் பக்கமும் வேண்டாங்கிறாங்க. மூணு பக்கமும் வேண்டாம்னா கொக்கி சார்தான் பதில் சொல்லணும்.

கொக்கி
வரப்போரம் அண்ணே, அந்த விரியன் உங்க வயல்லயிருந்துதான் மேட்டுக்கு ஏறி வந்துச்சு. நான் புதுசா ஒண்ணைக் கொண்டாந்து சேர்க்கல.

வரப்போரம்
என் வயல்ல ஒண்ணு இருக்கு, எந்த மூலையில கிடக்கும்னு எனக்குத் தெரியும். அந்த மூலையில கம்பு தட்டிட்டுத்தான் இறங்குவேன், ஆளுங்களுக்கும் சொல்லி வச்சிருக்கேன். நீங்க ராத்திரி யாருக்கும் சொல்லாம வேற மூலையில விட்டுட்டுப் போனா எனக்கு எப்படித் தெரியும்? விடுறதைவிடச் சொல்லாம விடுறதுதான் எனக்குக் கோபம்.

கொக்கி
அது நியாயம் அண்ணே. வாழைக்கொல்லை வேண்டாம். மேற்கால மூங்கில் புதர் பக்கம் ஆத்தோரமா ஆள் நடமாட்டமில்லாத துண்டு ஒண்ணு இருக்கு. வனச்சரகர்கிட்ட பேசி அதை ஒரே இடமா வச்சுக்கலாம், விடுற அன்னைக்கே உங்களுக்குத் தகவல் வரும். ஆனா நல்ல பாம்பு கோடையில முட்டையிட்டு, ரெண்டு மாசத்துல குட்டி வரும் பாருங்க, அப்ப ஒரே வீட்டுல பத்துப் பதினஞ்சு குட்டி அள்ள வேண்டி வரும். எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்ட முடியாது. நாலஞ்சு இடம் வேணும்.

புதுமனை
ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வாங்க. வரைபடம் வச்சு இடத்தை முடிவு பண்ணலாம்.

வரப்போரம்
நான் தனியா வந்து கையெழுத்துப் போட மாட்டேன். சருகு கழிக்கிற, நடவு நடுற பொம்பளைங்க நாலு பேரைக் கூட்டிட்டு வருவேன். அவங்க வேண்டாம்னு சொல்ற இடம் வேண்டாம்.

புதுமனை
கூட்டிட்டு வாங்க. ஆனா அதுவரைக்கும் எங்க தெருவுல பிடிச்சதைப் படுகையில விடக் கூடாது.

கொக்கி
அதுவரைக்கும் பாம்பைப் பையில வச்சுக் காக்க முடியாது சார். இன்னைக்கு ராத்திரி போன் வந்தா இன்னைக்கே விட்டாகணும், மூங்கில் புதர்லதான் விடுவேன்.

வரப்போரம்
விடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க தம்பி, எத்தனை மணியானாலும் சரி. டார்ச் எடுத்துக்கிட்டு வர்றேன். எந்தப் பக்கம் போகுதுன்னு நான் பார்க்கணும்.