பெயரில் ஒட்டும் ‘குட்டி’ விகுதி: செல்லமா, தாழ்த்தலா?

தேன்சிட்டு:
பெயரோடு ‘சின்ன’, ‘குட்டி’ என்று பொருள்படும் விகுதியைச் சேர்த்தால் அது செல்லம்தான் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பழைய ரஷ்யாவில் மன்னரான ஜாருக்கு மனு எழுதுகிறவர் ‘இவான்’ என்று முழுப்பெயர் எழுதக்கூடாது; அதன் குட்டி வடிவத்தில் ‘உங்கள் அடிமை இவாஷ்கோ’ என்றுதான் எழுத வேண்டும். பெரிய பிரபுவானாலும் இதே கதிதான். 1701 டிசம்பர் கடைசியில் ஜார் முதலாம் பீட்டர் ஆணை போட்டு இதை நிறுத்தினார். வெறும் செல்லத்தை நிறுத்த யாராவது ஆணை போடுவார்களா?

எழுத்தாணி:
அது கட்டாயப்படுத்தியவர்களின் குற்றம், விகுதி என்ன செய்யும்? அரபியில் ஹசன் என்பதன் ‘குட்டி’ வடிவம்தான் ஹுசைன். எத்தனை பக்தியோடு வைக்கும் பெயர் அது! 4ஆம் நூற்றாண்டில் பைபிளைக் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழிக்குக் கொண்டுவந்த ஆயர் வுல்ஃபிலாவின் பெயருக்கும் ‘குட்டி ஓநாய்’ என்றே பொருள்.

தேன்சிட்டு:
அவை பெற்றவர்கள் ஆசையாக வைத்தவை. ரோமப் பேரரசர் காலிகுலாவைப் பாருங்கள். படைமுகாமில் வளர்ந்த சிறுவனுக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது, ‘குட்டி பூட்ஸ்’. பேரரசரான பிறகு அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வந்ததாக ரோமத் தத்துவஞானி செனெக்கா எழுதியிருக்கிறார்.

மழைத்துளி:
நடுவில் ஒன்று. தமிழில் ‘சிறுமை’ என்ற சொல்லுக்கே சின்னது என்றும் இழிவு என்றும் இரண்டு பொருள். ரஷ்ய மொழியிலோ இந்த வேறுபாடு விகுதியிலேயே தெரியும். இவானை ‘வான்யா’ என்றால் பாசம், ‘வான்கா’ என்றால் பெரும்பாலும் அலட்சியம். எல்லா விகுதியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

எழுத்தாணி:
சரியாகச் சொன்னீர்கள். அப்புறம் குடும்பப் பெயர்களையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் வால்டர் சுருங்கி ‘வாட்’ ஆனது, ‘கின்’ என்ற குட்டி விகுதி சேர்ந்து ‘வாட்கின்’, அதன்பின் வாட்கின்ஸ். உக்ரைனின் ஷெவ்சென்கோ என்றால் செருப்புத் தைப்பவரின் மகன். ‘என்கோ’ இளையவரைக் குறித்த விகுதி. பண்ணையடிமையாகப் பிறந்த தாராஸ் ஷெவ்சென்கோ அந்தப் பெயரோடுதான் தேசியக் கவிஞரானார். இன்று அதைக் கேட்கிறவர் யாருக்கும் ‘சின்ன’ என்ற பொருள் காதில் விழுவதில்லை.

தேன்சிட்டு:
குடும்பப் பெயரில் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். கூப்பிடும் பெயரில் தேயவில்லை. வேலையிடத்தில் மேலதிகாரி ஒருவர் என் பெயரோடு மட்டும் ‘குட்டி’ சேர்ப்பார்; என் வயதுடைய ஆண்களை முழுப்பெயர் சொல்லித்தான் அழைப்பார். அன்போடுதான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். நான் அவரைத் திருப்பி அப்படிக் கூப்பிட முடியுமா?

எழுத்தாணி:
முடியாது. இந்த ஒன்றில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன்.