றோமன் பிளைண்ட் (கயிறு இழுத்தால் மடிமடியாக மேலேறும் யன்னல் துணித் திரை) வீட்டில் தைத்தால் ஏன் கோணுது? தைத்தவர்கள் சொல்லுங்கோ

தையல்மேசை
ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் எல்லாரும் கயிற்றில்தான் குறை சொல்வார்கள். அனேகமாகப் பிழை வெட்டில் இருக்கும். பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து அயன் பண்ணுங்கோ. பிறகு குறுக்கே ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டில் வெட்டுங்கோ. கடையில் வெட்டித் தந்த ஓரத்தை நம்பவே வேண்டாம்.

கணக்குக்கு 90 × 120 செ.மீ. யன்னல் ஒன்றை எடுப்போம், சட்டத்துக்கு உள்ளே மாட்டுவதற்கு. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, ஆகச் சிறியதில் 1 செ.மீ. கழித்தால் 89. இரு பக்க மடிப்புக்கும் 5, 5 சேர்த்து 99இல் வெட்டவேணும். உயரத்தில் தலைப்புக்கு 3 போக மிச்சம் 117. நாலு கம்பி என்றால் 9ஆல் பிரியுங்கோ (கீழே ஒரு பங்கு, ஒவ்வொரு கம்பிக்கும் மேலே இரண்டு பங்கு): 13. கீழிருந்து 13, 39, 65, 91இல் கம்பிகள் வரும். கம்பி நுழையும் கம்பிப்பை 2 செ.மீ. ஆழம், ஒவ்வொன்றும் லைனிங்கில் (பின்பக்க உள்துணியில்) 4 செ.மீ. தின்னும். அதனால் லைனிங்கை 16 செ.மீ. கூடுதல் நீளமாக வெட்டாவிட்டால் கடைசிக் கம்பிக்குத் துணி காணாது.

வெள்ளவத்தை கடற்கரைப் பக்கம்
இரும்புக் கம்பியும், கயிறு ஓடுகிற வளையம் இரும்பிலும் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் கறள் பிடித்து, கம்பிப்பை நெடுகப் பழுப்புக் கோடு விழும், கழுவினாலும் போகாது. 6 மி.மீ. ஃபைபர் கம்பி, பிளாஸ்டிக் வளையம், அடியில் அலுமினியப் பட்டை போதும். மெல்லிய மரக்குச்சி மழைக்காலத்தில் வளையும். ரேயோனும் ஈரத்தில் தொய்யும்.

தெகிவளை அக்கா
புறக்கோட்டை 2ஆம் குறுக்குத் தெருவில் துணி எடுக்கும்போது அகலத்தைக் கேளுங்கோ. 36 அங்குலத் துணி 91 செ.மீ.தான், இந்த யன்னலுக்கே காணாது. வெளிச்சம் மறைக்கும் பிளாக்அவுட் லைனிங்கில் குண்டூசி குத்தினால் பகலில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். கிளிப் போடுங்கோ, பூச்சுப் பக்கம் அயன் வைக்காதேங்கோ.

தையல்மேசை
அக்கா சொன்னது சரி. கயிறு மூன்று வரிசை: இரு ஓரத்திலிருந்தும் 6 செ.மீ. உள்ளே, நடுவில் ஒன்று. 9 மீற்றர் வாங்கினால் காணும். பிளைண்டை முழுக்க இறக்கி வைத்து, மூன்றையும் ஒரே இறுக்கத்தில் பிடித்து முடியுங்கோ. தூக்கி வைத்து முடிந்தால் நிச்சயம் கோணும்.

கயிறு சுற்றும் கொளுக்கி தரையிலிருந்து 150 செ.மீ.க்கு மேலே இருக்கவேணும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குக் கயிறு வைத்த பிளைண்டே போடாதேங்கோ. கழுத்தில் சுற்றினால் உயிர் போகும்.

கொட்டாஞ்சேனை
கம்பிகளை உருவி எடுக்கிற மாதிரிப் பையின் ஒரு முனையைத் தைக்காமல் விடுங்கோ. மேல் பலகையில் வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்தை அடித்து, மெதுப் பக்கத்தைத் துணியில் தைத்தால், கழுவக் கழற்றுவது லேசு.