ரெட் ஹெர்ரிங்: 1807ஆம் ஆண்டு இதழ்ப் பக்கம் ஒன்று கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. துப்பறியும் கதையில் வாசகரைத் திசைதிருப்ப வைக்கும் பொய்த் தடயத்தை ஆங்கிலத்தில் ‘ரெட் ஹெர்ரிங்’ என்பார்களே, அது எப்படி வந்தது என்று எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹெர்ரிங் மீனை உப்பிட்டு நன்றாகப் புகைபோட்டால் செம்பழுப்பாகிவிடும். வாடையும் தூக்கலாக இருக்கும். தப்பியோடும் குற்றவாளிகள் மோப்ப நாய்களை ஏமாற்ற இதை வழியெல்லாம் இழுத்துப் போனார்கள் என்று இணையம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்க ஜோராக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. 17ஆம் நூற்றாண்டு வேட்டை நூலொன்றில் இந்த மீன் வருகிறது. ஆனால் அங்கே பழக்கப்படுவது நாய் அல்ல, வேட்டை நாய்களின் பின்னால் ஓட வேண்டிய குதிரை!

இன்றைய பொருளைப் பரப்பியவர் வில்லியம் காபெட் என்ற ஆங்கிலேய இதழாளர். 1807 பிப்ரவரி 14 தேதியிட்ட தம் ‘பொலிட்டிக்கல் ரெஜிஸ்டர்’ வார இதழில், சிறுவயதில் முயலைத் துரத்திய நாய்களை இந்த மீனால் திருப்பிவிட்டதாக ஒரு கதை சொல்கிறார். (கதையே அவர் கற்பனை என்றுதான் எனக்குப் படுகிறது.) நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியை நம்பி, உள்நாட்டு விவகாரங்களைக் கைவிட்ட பத்திரிகைகளுக்குத்தான் அந்தக் குத்து.

அந்த இதழின் ஸ்கேன் யாரிடமாவது இருக்கிறதா? வெளிநாட்டில் படிப்பவர்கள் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தேடித் தந்தால் பேருதவி. மேற்கோள் வரிகள் போதாது, முழுப் பக்கம் வேண்டும். 1807க்கு முன்பே இதே பொருளில் யாராவது எழுதியது கண்ணில் பட்டிருந்தாலும் சொல்லுங்கள். மலர் சீக்கிரமே அச்சுக்குப் போகிறது.