கிராபிக்ஸ் கார்டை எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்? அனுபவப் பகிர்வு

கோவையிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

கார்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நான் எடுத்த முதல் முடிவு தவறாகப் போனது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2017இல் ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 6 ஜிபி வகையை வாங்கினேன். உடன் இருந்தவை இன்டெல் ஐ5 7400 பிராசஸரும், ஒற்றை 8 ஜிபி ரேமும். 2021இல் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றைச் சேர்த்ததைத் தவிர ஆறு ஆண்டுகள் எதையும் தொடவில்லை. 2023 செப்டம்பர் இறுதியில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வெளிவந்து, அதன் முந்தைய பதிப்பான சிஎஸ்கோவின் இடத்தைப் பிடித்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. திரையில் புகை பரவி நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சுடத் தொடங்கினால் எப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் பிரேம்கள், அதாவது படங்கள்) தொண்ணூறிலிருந்து ஐம்பதுக்கு விழுந்துவிடும். கார்டுக்கு வயதாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, கிட்டத்தட்ட 30,000 ரூபாய் கொடுத்து ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினேன். 1060க்கு 120 வாட் என்றால் இதற்கு 115 வாட்தான் என்பதால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த மகிழ்ச்சி அன்று மாலை வரை நீடித்தது.

அதே வரைபடம், அதே புகை, அதே ஐம்பது.

கார்டு பழுதாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் கடைக்காரரை அழைத்தபோது அவர், "தம்பி, ரெசொல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள், எண் ஏறுகிறதா என்று சொல்லுங்கள்" என்றார். 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கினேன். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன, ஆனால் திரையின் மூலையில் இருந்த எப்பிஎஸ் எண், புகை இல்லாதபோது, 92, 94, 91 என்று பழைய தொண்ணூறிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தது. கார்டின் நிலையைக் காட்டும் ஆப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து பார்த்தால் கார்டின் பயன்பாடு 40 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பிராசஸரின் நான்கு கோர்களும் 100இல் நின்றன.

ஒவ்வொரு பிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது என்று கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்ற கட்டளைகளைத் தொகுத்துத் தருவது பிராசஸரின் வேலை. அதை வரைவதே கார்டின் வேலை. 144 எப்பிஎஸ் வேண்டுமானால் இவை இரண்டும் ஒவ்வொரு பிரேமையும் ஏறத்தாழ 6.9 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். மாவு அரைபடும் வேகம் குறைவாக இருக்கும்போது தோசைக்கல்லைப் பெரிதாக்கியவன் நான்.

இரண்டாவது 8 ஜிபி ரேமைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்கியதும் (இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தகவல் வரும்) ஐம்பது அறுபத்தெட்டானது. சில மாதங்கள் கழித்து ரைசன் 5 5600 பிராசஸரும் பி450 மதர்போர்டும் வாங்கி, அதே டிடிஆர்4 ரேமை அதில் செருகினேன். சராசரி 150ஐத் தாண்டியது. வரிசையை மாற்றிச் செய்திருந்தால் 1060 இன்னும் ஓராண்டு ஓடியிருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. கார்டின் பயன்பாடு 97, 98 என்று நிற்கும்போது மட்டுமே கார்டைப் பற்றி யோசிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

எனக்கு நேர்ந்தது வேறு வகை. என்னிடம் இருந்தது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். மே மாதத்தில் விளையாட உட்கார்ந்தால் முதல் இருபது நிமிடம் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு எப்பிஎஸ் மெல்ல இறங்கும். மாற்றிவிடலாம் என்று விலை விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன். தற்செயலாக வெப்பநிலையைக் கவனித்தபோது 83 டிகிரியில் நின்றது. அந்த அளவைத் தொட்டதும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். தொடக்கத்தில் 1,850 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய அது, 1,600க்கு அருகில் முனகிக்கொண்டிருந்தது.

கேபினட்டைத் திறந்து கார்டைக் கழற்றி மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று புளோயரால் ஊதினேன். வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளியைப் போல் படிந்து கிடந்தது. நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் சிப்பின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு போல் உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசியதும், அதே அறையில், அதே வெயிலில் 72 டிகிரியைத் தாண்டவில்லை. முந்நூறு ரூபாய்ச் செலவில் அந்தக் கார்டு மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்தது. வாரண்டி இருக்கும் கார்டைத் திறப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். என்னுடையதற்கு அது முடிந்திருந்தது.

பிறகு நியாயமான காரணத்தோடுதான் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி வாங்கினேன். 230 வாட் கார்டு என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பெரிதாக மாற்றியவன் யூபிஎஸ்ஸை மறந்துவிட்டேன். 600 விஏ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது உண்மையில் தாங்குவது 360 வாட். மின்சாரம் நின்ற முதல் மாலையிலேயே, விளையாட்டின் நடுவில், ஒரு நீண்ட பீப் ஒலியோடு எல்லாம் அணைந்துபோனது. கார்டின் விலையோடு இவற்றையும் கூட்டிப் பார்த்திருந்தால் 132 வாட்டிலேயே ஓடும் ஆர்எக்ஸ் 6600 போதும் என்று இருந்திருப்பேன்.

சென்னையிலிருந்து:

நான் காத்திருந்து வாங்கியவன். 2021இல் கிரிப்டோ மைனிங்கால் (கார்டுகளைக் கணக்கிட வைத்து இணைய நாணயம் ஈட்டுவது) கார்டுகளின் விலை எங்கோ போயிருந்தபோது பழைய ஆர்எக்ஸ் 580ஐ வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு கொண்டு அதை ஈட்டுவது ஒரே நாளில் நின்றுபோன பிறகு, பயன்படுத்திய கார்டுகள் ரிச்சி தெருவில் கொட்டத் தொடங்கின. ஒரு 3060 டிஐ வாங்கினேன். அது மைனிங்கில் இருந்ததுதான் என்று விற்றவரே ஒப்புக்கொண்டார். கடையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எவ்வளவு மீதம் என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுத்தேன். எட்டாவது மாதத்தில் ஒரு ஃபேன் மட்டும் கரகரக்கத் தொடங்கியது, மாற்றிக்கொண்டேன். மற்றபடி குறையில்லை.

திருச்சியிலிருந்து:

தொடங்கிய நண்பர் சொன்ன விழுக்காட்டுக் கணக்கு எனக்கு உதவவில்லை. 11 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்னிடம் இருந்தது. 2017இல் வந்த கார்டு என்றாலும் நான் விளையாடிய எதிலும் அது என்னைக் கைவிடவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதே இல்லை. இது மெதுவாக ஓடும் சிக்கலன்று, திறக்கவே திறக்காது. 2025 மே மாதத்து டூம் விளையாட்டும் அப்படியே. மேலும், அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டு, 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக என்விடியா அறிவித்ததும், மாற்றுவதைத் தள்ளிப்போட எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. நல்ல நிலையில் உள்ள ஒன்றைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது இப்போது தம்பியின் கணினியில் இருக்கிறது; அவன் பழைய விளையாட்டுகளையே விளையாடுபவன்.

கோவையிலிருந்து, மீண்டும்:

திருச்சி நண்பர் சொன்னது சரி. இன்னொன்றையும் நான் விட்டுவிட்டேன். சில புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் நுணுக்கத்தை) உச்சத்தில் வைத்தால் என் 4060இன் 8 ஜிபி நிறைந்துவிடுகிறது. அப்போது கார்டின் பயன்பாடு 98 என்று இல்லாமல் 70 என்று காட்டும்; பார்த்தால் பிராசஸர்தான் குற்றவாளி என்று தோன்றும், ஆனால் அது அமைதியாகத்தான் இருக்கும். கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 272 ஜிபி தரக்கூடியது. அதில் இடமில்லாமல் வெளியே தள்ளப்பட்ட தகவலோ ரேமிலிருந்து மதர்போர்டின் பிசிஐஇ இணைப்பு வழியாக வர வேண்டும். இந்தக் கார்டு பயன்படுத்துவது அதன் எட்டு லேன்களை (தகவல் தடங்களை) மட்டுமே. என் பி450 போர்டில் இருப்பதோ மூன்றாம் தலைமுறைப் பிசிஐஇ. ஆகவே அந்த வழியின் அகலம் நொடிக்கு 8 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் நின்று பிறகு துள்ளுவதற்கு அதுவே காரணம்.

டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினேன், துள்ளல் நின்றது. சுவரில் இருக்கும் செங்கல்லின் கீறல்கள் சற்று மங்கலாகத் தெரிகின்றன. அதை நின்று பார்க்க எனக்கு நேரம் இருப்பதில்லை என்பதால், 16 ஜிபி கார்டு வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.