அப்பாவின் கிட்னிக்கு வீடியோவில் வைத்தியம் போதுமா?

அறந்தாங்கிப் பையன்:
வணக்கம். அப்பாவுக்கு 64 வயது, பல வருடமாகச் சர்க்கரை. போன வாரம் எடுத்த டெஸ்டில் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 1.6, கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 48, சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 320. தஞ்சாவூரில் பார்த்த கிட்னி டாக்டர் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையை 40 மில்லிகிராமிலிருந்து 80 ஆக்கிவிட்டு, இனி வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் பிரஷர் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். நான் சென்னையில் இருக்கிறேன். அம்மாதான் மெஷின் கட்டிவிடுகிறார். வயலிலிருந்து வந்ததும் பார்த்தால் 162/92, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 138/84. இதில் எதை அனுப்புவது? கிட்னி விஷயத்தில் போன் வைத்தியத்தை நம்பலாமா?

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா:
தம்பி, நான் டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். வீடியோ வைத்தியம் நல்லதுதான். ஆனால் டாக்டர் கையில் நாடி இல்லை, நீங்கள் அனுப்பும் நம்பர்தான் இருக்கிறது. அது தப்பானால் மாத்திரை அளவும் தப்பாகிவிடும்.

வயலிலிருந்து வந்த வேகத்தில் பார்த்த 162-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, டீக்கும் மாத்திரைக்கும் முன்னால் பார்க்கவேண்டும். சாய்மானம் உள்ள நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றக்கூடாது. சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டாலும் நம்பர் மாறும், கழற்றிவிடுவதே நல்லது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, ராத்திரியும் அதேபோல. ஒரு வாரம் பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை அனுப்புங்கள். வீட்டில் 135/85 என்பது ஆஸ்பத்திரியில் 140/90-க்குச் சமம். அப்பாவுக்கு எவ்வளவுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் மெஷின் திரையைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது 147 என்பது 140 ஆகிவிடும், இதை நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். டெல்மிசார்டனைக் கூட்டினால் பொட்டாசியம் ஏறலாம், கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறும். அதனால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் இரண்டையும் ரத்தத்தில் பார்த்தே ஆகவேண்டும். அதை எந்த வீடியோவும் காட்டாது. அறந்தாங்கியிலேயே லேபில் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பினால் போதும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தமாட்டார்கள், நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. கடையில் 'லோ சோடியம்' உப்பு என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள், அதில் இருப்பது பொட்டாசியம்.

வீடியோ பேசும்போது வெளிச்சத்தில் உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் காலில் நீர் கோத்திருக்கிறது. டாக்டருக்கு அது தெரியவேண்டும். பாதத்தின் அடிப்பக்கத்தையும் காட்டுங்கள்.

மணப்பாறை மாமா:
உங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வருகிறதே, 2021-இல் ஆரம்பித்தது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார்கள். அப்படி வரும் பணியாளர் பார்க்கும்போதே உங்கள் மெஷினையும் வைத்துப் பாருங்கள், மெஷின் சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். அவசரமில்லாத சின்னச் சந்தேகத்துக்கு இ-சஞ்சீவனி என்ற அரசு வீடியோ மருத்துவச் சேவையில் இலவசமாக டாக்டரிடம் பேசலாம். மருந்தை மாற்றுவது மட்டும் கிட்னி டாக்டர் சொல்லித்தான்.

அறந்தாங்கிப் பையன்:
ரொம்ப நன்றி அக்கா, மாமா. ரத்த டெஸ்ட் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, இந்த வாரமே லேபுக்குச் சொல்லிவிட்டேன். அப்பா முட்டிவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அது பரவாயில்லையா?

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா:
வேண்டவே வேண்டாம் தம்பி, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பிரஷரையும் ஏற்றும், கிட்னிக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். டெல்மிசார்டனோடு சேர்ந்தால் இன்னும் மோசம். இத்தனை நாள் போட்டதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்கு என்ன போடலாம் என்று அவரே சொல்வார். அதேபோல வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அடுத்த வீடியோ நாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே கூப்பிட்டு, டெல்மிசார்டனைத் தற்காலிகமாக நிறுத்தணுமா என்று கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ போனை வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.